லடாக் ஏறும் வண்டி: அன்றும் இன்றும்

மணாலியிலிருந்து லே போகும் சாலையில், சந்திரா நதியும் பாகா நதியும் ஒன்றுசேரும் இடத்தில் தாண்டி என்று ஒரு சிற்றூர். அங்கிருக்கும் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று பலகை வைத்திருப்பார்கள். லடாக்குக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்தவர்கள் பலரிடமும் அந்தப் பலகையோடு எடுத்த படம் ஒன்று இருக்கும். பழைய படங்களில் பக்கத்தில் நிற்பது புல்லட். 2016-க்குப் பிறகு எடுத்தவற்றில் ஹிமாலயன் 411. அண்மைக் காலப் படங்களில் ஹிமாலயன் 450. மூன்றும் ராயல் என்ஃபீல்டு வண்டிகள்; மூன்றும் சென்னையிலும் அதைச் சுற்றியும் செய்யப்பட்டவை.

இந்த மாற்றத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேகம் அல்ல. முன்பு வண்டியிடம் இல்லாததையெல்லாம் ஓட்டுகிறவர் தன் கைத்திறத்தாலும் பொறுமையாலும் ஈடுகட்டினார். இன்று அந்தப் பாரத்தில் பெரும்பகுதியை வண்டியே வாங்கிக்கொண்டது. அதனால்தான் லடாக் சாலையில் இன்று முன்பு பார்க்காத பலரைப் பார்க்க முடிகிறது.

மணாலி–லே சாலை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1989-இல். அப்போது, இரண்டு ஆளையும் மூட்டை முடிச்சையும் சுமந்துகொண்டு நாள் முழுக்க ஓடக்கூடிய வண்டி என்று கேட்டால் திருவொற்றியூரில் தயாரான புல்லட்தான் பதில். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய தொழில் அது. ராணுவம் எல்லைக் காவலுக்கு வாங்கிய வண்டி என்பதால், மலைக்கு ஏற்றது என்ற பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. பெயருக்குக் காரணம் இருந்தது, ஆனால் வடிவமைப்பு மலைக்கானதல்ல. 346 சிசி வார்ப்பிரும்பு இன்ஜின், சுமார் 18 பிஎச்பி. முன்னும் பின்னும் 19 அங்குலச் சக்கரம். டிரம் பிரேக். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அடிப்பக்கம் தாழ்வு. இங்கிலாந்தின் தார்ச்சாலையை மனதில் வைத்து வரைந்த வண்டி, ஒழுங்கான பாதையே இல்லாத இடத்தில் ஓட்டப்பட்டது.

குளிர்ந்த காலையில் அதை ஸ்டார்ட் செய்வதே தனி வித்தை. சாவியைப் போட்டதும் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்மீட்டரைப் பார்க்க வேண்டும். கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் பாயிண்ட் திறந்து ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உடனே இடது கைப்பிடியில் இருக்கும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு, பிஸ்டனை இன்னும் ஒரு நூல் கீழே இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு உடம்பின் எடை முழுவதையும் வைத்து ஓர் உதை. அவசரப்பட்டு உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கிப்போகும். லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் இடத்தில் இப்படி ஐந்தாறு முறை உதைத்தால் நெஞ்சு படபடக்கும். முள் நடுவுக்கு வருவதைக் கண்ணால் பார்க்காமல் காலாலேயே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் திறமை இல்லாதவர்கள் எத்தனை பேர் இந்த ஒரே காரணத்தால் அந்தச் சாலையைப் பார்க்காமலே இருந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஏறத் தொடங்கியதும் அடுத்த தொல்லை கார்ப்பரேட்டர். கார்துங் லா கணவாயின் பழைய பலகை 18,380 அடி என்று சொன்னாலும், உண்மையான உயரம் சுமார் 17,580 அடி, அதாவது 5,359 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். கார்ப்பரேட்டருக்கு இது தெரியாது. சென்னையில் விட்ட அளவை ஒட்டியே பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்துபோவதால் பிளக் கரிபிடிக்கும், சைலன்சரில் கறுப்புப் புகை வரும், வண்டி திணறும். சிலர் சின்ன ஜெட் மாற்றுவார்கள். சிலர் ஏர் ஸ்க்ரூவைத் திருகிப் பார்ப்பார்கள். இருக்கிற 18 பிஎச்பி-யும் மேலே போகப்போகப் பாதிக்கு வந்துவிடுவதால், பின்னால் உட்கார்ந்திருப்பவர் இறங்கி நடக்க வேண்டிய இடங்களும் உண்டு. கிளட்ச் வயர், ஆக்சிலேட்டர் வயர், டியூப், பிளக், பாயிண்ட், கண்டென்சர், செயின் லிங்க் எல்லாம் பையில் இருக்கும். அனுபவப்பட்டவர்கள் இன்னொரு ஆக்சிலேட்டர் வயரை, ஓடும் வயருக்குப் பக்கத்திலேயே முன்கூட்டிக் கட்டிவைத்திருப்பார்கள். அறுந்தால் முனைகளை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பலாம்.

ராயல் என்ஃபீல்டு 2016-இல் கொண்டுவந்த ஹிமாலயனை நான் முக்கியமான வண்டி என்று கருதுவதற்குக் காரணம், அது பாதையிலிருந்து தொடங்கி வண்டிக்கு வந்ததுதான். அதற்கு முன் இங்கே எல்லோரும் இருக்கிற வண்டியை மலைக்கு ஏற்றபடி ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்கள். இதில் இன்ஜினும் புதிது, சட்டகமும் புதிது. சட்டகத்தை உருவாக்கியது 2015-இல் இந்த நிறுவனம் வாங்கிய பிரிட்டனின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ். டுகாட்டியில் பணியாற்றிய பியர் டெர்பிளாஞ்ச் வடிவமைப்பில் பங்கெடுத்தார். பின்பக்கம் மோனோஷாக் வைத்த முதல் ராயல் என்ஃபீல்டு இதுதான்.

எண்களைப் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. 411 சிசி, 24.5 பிஎச்பி, 32 நியூட்டன் மீட்டர் டார்க், ஐந்து கியர். அன்று கேலி செய்தவர்கள் உண்டு. சிலிண்டரின் விட்டம் 78 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 86 மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஓட்டம் நீளமானால் இன்ஜின் உயர்ந்த ஆர்பிஎம்முக்குப் போகத் தயங்கும். ஆனால் குறைந்த ஆர்பிஎம்மில் நல்ல இழுவை கிடைக்கும். சரளைக் கல்லில், முதல் கியரில், நடக்கும் வேகத்தில் ஊர்ந்துபோகும்போது தேவைப்படுவது அந்த இழுவைதான். கிளட்சைப் பாதி பிடித்துப் பிடித்து விட வேண்டியதில்லை. வண்டி தன்பாட்டுக்கு ஏறும்.

முன்சக்கரம் 21 அங்குலம். சக்கரம் பெரிதாகப் பெரிதாக, கல்லின் மேல் அது ஏறும் கோணம் மென்மையாகும். 19 அங்குலச் சக்கரம் முட்டி நிற்கும் கல்லை இது உருண்டு தாண்டும். முன் ஃபோர்க் 200 மில்லிமீட்டர் அமுங்கும், பின்பக்கம் 180. தரையிலிருந்து அடிப்பாகம் 220 மில்லிமீட்டர் உயரம். இவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டும் சீட்டை 800 மில்லிமீட்டரில் நிறுத்தினார்கள். என்னைக் கேட்டால் அந்த வண்டியின் மிக நல்ல முடிவு இதுதான். வெளிநாட்டு அட்வென்ச்சர் வண்டிகளில் ஏறி உட்கார்ந்தால் நம்மில் பலருக்குக் கட்டைவிரல் மட்டுமே தரையைத் தொடும். இதில் சராசரி உயரக்காரருக்குக்கூட இரண்டு பாதமும் தரையில் பதியும்.

அதன் அருமை தண்ணீரில் தெரியும். மணாலி–லே சாலையில் பனி உருகி ஓடும் நீரோடைகள் சாலைக்குக் குறுக்கே பாய்கின்றன. அங்கே அவற்றை நாலா என்கிறார்கள். காலையில் கணுக்கால் அளவு ஓடுவது, வெயில் ஏறிப் பனி உருகியதும் பிற்பகலில் முழங்காலைத் தொடும். அடியில் இருப்பதெல்லாம் உருண்டைக் கற்கள். முதல் கியரில் ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தண்ணீரில் வைக்காமல் எதிர்க்கரையில் வைத்துப் போக வேண்டும். கீழே பார்த்தால் தண்ணீரின் ஓட்டம் தலையைச் சுற்றவைக்கும். கை தானாக அந்தப் பக்கம் திரும்பும். நடுவில் ஒரு கல் உருண்டு முன்சக்கரம் விலகினால், அந்த நொடியில் பாதம் தரையைத் தொடுகிறதா இல்லையா என்பதுதான் எல்லாமே. இரண்டு கால்களையும் இறக்கித் துடுப்புப் போடுவதுபோல் உந்தியே கரையேறுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டியின் சைலன்சர் மேல்நோக்கித் தூக்கியிருப்பதால் இன்ஜின் அணைவதில்லை. ஆக்சிலேட்டரைக் கூட்டத் தேவையில்லாத இழுவையும், கால் எட்டும் சீட்டும், உருண்டு தாண்டும் சக்கரமும் அந்த இருபது அடி தூரத்துக்குள் ஒன்றுசேர்கின்றன.

பெட்ரோல் டேங்க் 15 லிட்டர். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தால் 450 வரும். ஆனால் மலையில் முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊரும்போது அந்தக் கணக்கு குறையும். டேங்கின் இரண்டு பக்கமும் பெட்ரோல் கேன் மாட்டும் கம்பிச் சட்டம் வைத்ததற்குக் காரணம் தாண்டிப் பலகை போன்ற பலகைகள்தான். மீட்டரில் ஒரு திசைகாட்டியும் இருந்தது.

குறைகளும் இருந்தன. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டி சோர்ந்தது. சரக்கு லாரியை முந்த வேண்டுமானால் முன்கூட்டியே திட்டம் போட வேண்டும். முன் பிரேக்கின் பிடி போதாது என்பது அதை ஓட்டியவர்கள் பலரும் சொன்னது. எடையும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஒவ்வொரு குறையாகச் சரிசெய்துகொண்டே போனார்கள். அதில் பெரிய திருத்தம் சட்டத்தின் கட்டாயத்தால் வந்தது. 2017 ஏப்ரல் முதல், பழைய புகைக் கட்டுப்பாட்டு விதியான பிஎஸ் 3-இன்படி செய்த வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஹிமாலயனின் கார்ப்பரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்தது. நகரத்தின் புகையைக் குறைக்க வந்த விதி, மலையின் உச்சியில் பிளக் கரிபிடிப்பதை நிறுத்திவைத்தது. காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார், உயரம் கூடக்கூடப் பெட்ரோலை அளந்து குறைக்கிறது. ஜெட் மாற்றும் வேலை அத்தோடு முடிந்தது. மெல்லிய காற்றில் சக்தி குறைவதை எந்த சென்சாராலும் தடுக்க முடியாதுதான். ஆனால் திணறலும் புகையும் இல்லாமல் குறைகிறது.

2018-இல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வந்தது. 2020-இல் பிஎஸ் 6 வண்டியில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் அணைக்கும் பொத்தான் கொடுத்தார்கள். தார்ச்சாலையில் உயிர்காக்கும் ஏபிஎஸ், சரளை இறக்கத்தில் பின்பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். அங்கே பின்சக்கரம் கொஞ்சம் பூட்டிக்கொண்டு சறுக்குவதே நல்லது. மலைப் பாதையில் ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

2021 டிசம்பரில் இரண்டு ஹிமாலயன்கள் அண்டார்டிகாவின் ராஸ் பனித்திட்டிலிருந்து தென் துருவம் வரை போயின. ஆணி பதித்த டயரும், அதிக மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் மாற்றினார்கள். முன் ஸ்ப்ராக்கெட்டின் பல்லை 15-லிருந்து 13-ஆகக் குறைத்தார்கள். இழுவையை இன்னும் கூட்டத்தான். இன்ஜினில் கைவைக்கத் தேவைப்படாத அளவுக்கு அந்த நிதானமான 411 சிசி போதுமானதாக இருந்தது.

2023 நவம்பரில் ஹிமாலயன் 450 வந்தபோது, பழைய வண்டியிலிருந்து பெயரையும் 21 அங்குல முன்சக்கரத்தையும் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். இன்ஜினுக்கு செர்பா என்று பெயர். 452 சிசி, தண்ணீரால் குளிரும் இன்ஜின், நான்கு வால்வு, ஆறு கியர், சுமார் 39.5 பிஎச்பி, 40 நியூட்டன் மீட்டர் டார்க். முன்பு 86-ஆக இருந்த பிஸ்டன் ஓட்டம் 81.5-ஆகக் குறைந்து, விட்டம் 84-ஆக விரிந்தது. நீளமான ஓட்டத்திலிருந்து குட்டையான ஓட்டத்துக்கு வந்த இந்த ஒரு மாற்றம்தான் வண்டியின் குணத்தையே திருப்பியது. 411 கீழே இழுக்கும். 450 மேலே பறக்கும். நெடுஞ்சாலையில் லாரியை முந்த இனித் திட்டம் தேவையில்லை. மொத்த எடை 196 கிலோ. பழைய பிஎஸ் 6 வண்டியைவிட மூன்று கிலோ குறைவு. முன்னால் ஷோவா நிறுவனத்தின் 43 மில்லிமீட்டர் தலைகீழ் ஃபோர்க், பின்பக்கமும் 200 மில்லிமீட்டர் அமுக்கம், தரையிலிருந்து 230 மில்லிமீட்டர் இடைவெளி, முன்னால் 320 மில்லிமீட்டர் டிஸ்க். டேங்க் 17 லிட்டர்.

இந்த வண்டி பழையதைவிட எல்லா வகையிலும் மேல் என்று நான் சொல்ல மாட்டேன். 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே 411-இன் பிடிமானம் இதில் இல்லை. ஊர்ந்து ஏறும் இடத்தில் கிளட்சோடு கொஞ்சம் கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. சீட் 825 மில்லிமீட்டருக்கு உயர்ந்துவிட்டது. 845 வரை கூட்டலாம், குட்டையானவர்களுக்குத் தாழ்ந்த சீட் தனியாகக் கிடைக்கிறது. முன்னால் ரேடியேட்டர் இருப்பதால் அதற்கு ஒரு காப்பு வலை போடாமல் சரளைப் பாதைக்குப் போவதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கூரான கல் போதும், நடுவழியில் குளிரூட்டும் நீர் முழுவதும் வடிந்துவிட. 411-இல் உடைய அப்படிப்பட்ட உறுப்புகள் குறைவு.

ஆக்சிலேட்டருக்கு இப்போது வயரே கிடையாது. கைப்பிடியின் திருகலை சென்சார் படித்து மின் சமிக்ஞையாக அனுப்புகிறது. அதனால்தான் ஒரே இன்ஜினுக்குச் சிக்கன முறை, முழுத்திறன் முறை என்று இரண்டு குணம் கொடுக்க முடிந்தது. புல்லட்காரர்கள் முன்கூட்டிக் கட்டிவைத்த அந்த உபரி வயருக்கு இங்கே இடமே இல்லை. கிளட்ச் வயர் மட்டும் இன்னும் வயர்தான். சென்சாரில் ஏதாவது பிசகினால், வழியில் பாங், சர்ச்சு போன்ற இடங்களில் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் சர்வீஸ் சென்டர் வரை வண்டியை டெம்போவில்தான் ஏற்ற வேண்டும். பழைய வண்டி அடிக்கடி நின்றது, நின்ற இடத்திலேயே சரியானது. புதிய வண்டி நிற்பது அபூர்வம், நின்றால் அங்கே அதைக் கிளப்ப ஆள் இல்லை. எண்ணிப் பார்த்தால் இரண்டாவதே பெரும்பாலோருக்கு நல்லது என்பதுதான் என் முடிவு. ஆனால் தனியாகப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டே கிளம்ப வேண்டும்.

நான்கு அங்குல வட்டத் திரையில் கூகுள் மேப் ஓடுகிறது. அழகாக இருக்கிறது, பட்டணத்தில் பெரிய உதவி. ஆனால் அது செல்போனை நம்பி ஓடுவது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. போஸ்ட்பெய்டுக்கும் பல இடங்களில் சிக்னல் இல்லை. வரைபடத்தை முன்னதாகவே போனில் இறக்கிவைத்துக்கொள்வது நல்லது.

வண்டி மட்டுமா மாறியது? பாதையும் மாறிவிட்டது. 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கம், 9 கிலோமீட்டர் நீளத்தில், ரோதாங் கணவாயின் சேற்றையும் போக்குவரத்து நெரிசலையும் ஒதுக்கித்தள்ளிவிட்டது. கடா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளும், அதன் பிறகு வரும் மோரே சமவெளியும் முன்பைவிட நல்ல தாரில் இருக்கின்றன. 19,000 அடிக்கு மேலே இருக்கும் உம்லிங் லாவுக்கே எல்லைச் சாலை நிறுவனம் தார் போட்டுவிட்டது. ஆறாவது கியரும் 40 பிஎச்பி-யும் இந்தப் புதிய சாலைக்கு ஏற்றவை. 411-இன் நிதானம் பழைய சாலைக்கு ஏற்றது.

இதில் ஒரு விஷயம் எனக்குக் கவலை தருகிறது. முன்பு சண்டிகரில் ரயில் பார்சலில் வந்த வண்டியை இறக்கி, வடித்துவிட்டிருந்த டேங்கில் மறுபடி பெட்ரோல் நிரப்பி, மணாலியில் ஓர் இரவு, ஜிஸ்பாவில் ஓர் இரவு, சர்ச்சுவில் ஓர் இரவு என்று தட்டுத்தடுமாறி ஏறினார்கள். அந்தத் தாமதத்தில் உடம்பு உயரத்துக்குப் பழகியது. இன்று சென்னையில் காலை விமானம் ஏறி, டெல்லி வழியாக லேயில் இறங்கி, வாடகைக்கு ஒரு ஹிமாலயன் எடுத்து, மறுநாளே கார்துங் லா ஏறப் பார்க்கிறார்கள். வண்டியின் சென்சார் மெல்லிய காற்றை நொடியில் சமாளிக்கும்; நுரையீரலுக்கு நாட்கள் வேண்டும். லேயில் இறங்கியதும் இரண்டு நாள் சும்மா இருங்கள் என்று அங்கே எல்லோரும் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். தலைவலியும் வாந்தியும் வந்தால் மேலே ஏறாதீர்கள். குறையவில்லை என்றால் கீழே இறங்குங்கள்.

லடாக்கை விட்டுவிட்டு அன்றாடத்துக்கு வந்தால், இந்த வகை வண்டியின் உண்மையான மதிப்பு தெரியும். திங்கள்கிழமை அலுவலகம், சனிக்கிழமை கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள், பொங்கலுக்கு ஊரின் வண்டிப்பாதை என்று எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி போதும். நிமிர்ந்து உட்காரலாம், முதுகு வலிக்காது. நம் ஊர் வேகத்தடைகளும் மழைக்காலப் பள்ளங்களும் அந்த 200 மில்லிமீட்டர் ஃபோர்க்குக்குப் பொருட்டே அல்ல. அண்ணா சாலை நெரிசலில் மே மாதத்து வெயிலில் ரேடியேட்டர் விசிறி சுழலும்போது காலில் அனல் அடிக்கும் என்பதும், 196 கிலோவை அடுக்குமாடி பார்க்கிங்கில் பின்னுக்கு உருட்டுவது சிரமம் என்பதும் வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை. ராயல் என்ஃபீல்டு மட்டுமல்ல, இதே தமிழ்நாட்டில் ஓசூரிலும் இந்த வகை வண்டிகள் உருவாகின்றன. பிஎம்டபிள்யூவின் ஜி 310 ஜிஎஸ்ஸை டிவிஎஸ் அங்கேதான் தயாரித்தது. 2025-இல் தன் சொந்தப் பெயரிலேயே அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் என்ற 300 சிசி வண்டியையும் கொண்டுவந்தது.

ஹிமாலயனின் விலையும் ஏறியிருக்கிறது. 2016-இல் ஒன்றரை லட்சத்தை ஒட்டி ஷோரூம் விலை இருந்தது. 450 அறிமுகமானபோது 2.69 லட்சம். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடுவதும், இரண்டு பேர் சாமானோடு போவதும்தான் உங்கள் பயணம் என்றால் 450-ஐ எடுங்கள். காட்டுப்பாதையில் மெதுவாகத் தனியே சுற்றுகிறவர், கையில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் என்றால், நன்றாகப் பராமரித்த பிஎஸ் 6 ஹிமாலயன் 411 செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். உற்பத்தி நின்றுவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் ஏராளம். வாங்கும்போது முன்சக்கர ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் தளர்ந்திருக்கிறது. ஸ்டீயரிங் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

450 எடுப்பவர்களுக்கு ஒன்று. அறிமுகத்தில் வந்தது டியூப் போட்ட ஸ்போக் சக்கரம். 2024-இல் இந்தியாவில் டியூப்லெஸ் ஸ்போக் சக்கரம் கொடுக்கத் தொடங்கினார்கள். கூடுதல் பணம் கேட்டாலும் அதையே எடுங்கள். பழைய முறையில் நடுவழியில் பஞ்சரானால் சாமான்களையெல்லாம் இறக்கி, ஆக்சிலைக் கழற்றி, சக்கரத்தை உருவி, லீவர் போட்டு டயரை நெம்பி, டியூபை மாற்றி, கைப்பம்பில் காற்றடிக்க வேண்டும். 4,500 மீட்டர் உயரத்தில் அந்தக் கைப்பம்பு அடிக்கும்போது இருபது அடிக்கு ஒருமுறை உட்கார்ந்து மூச்சுவாங்க வேண்டியிருக்கும். டியூப்லெஸ்ஸில் ஆணியைப் பிடுங்கி, துளையில் ரப்பர்த் திரியைச் செருகி, பேட்டரியில் ஓடும் சிறிய பம்பை மாட்டினால் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம்.